கரடியூருக்குப் போக வேண்டிய ஆர்கன்

புது கீபோர்டு வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் மரியசெல்வியைக் கூப்பிட்டார். பழைய ஆர்கனை எடுத்துவிடலாம், பாடகர் குழுவுக்கு இடம் போதவில்லை என்றார். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் தபேலாவும் கிடாரும் தானாகவே வருகின்றன என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு ரோட்டில், காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன மாதா கோவில் அது. எந்தக் காலத்திலோ ஒரு எஸ்டேட் துரை வாங்கி வைத்துவிட்டுப் போன ஆர்கன். பாதி பீரோ உயரம் இருக்கும். கீழே இரண்டு மிதிகட்டைகள். மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தி அசையும், மேலே கட்டையை அமுக்கினால் பித்தளை நாக்கு மாதிரி இருக்கிற ரீடு பாடும். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த வருஷத்திலிருந்து மரியசெல்விதான் அதை வாசித்து வந்தாள். வாரநாட்களில் அவளுக்கு ஏற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிளகும் காபித்தூளும் விற்கிற கடை. கோபக்காரி என்று பெயர். காபித்தூளைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு வாங்காமல் போகிற டூரிஸ்டுகளைத் தெருவரைக்கும் போய்த் திட்டியிருக்கிறாள்.

ஆனால் அன்றைக்குச் சாமியாரிடம் அவள் கோபப்படவில்லை. கீபோர்டு வந்தால் ஆர்கன் போகத்தான் வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஒன்று மட்டும் கேட்டாள்.

"வாசிக்கிறவங்க யாருக்காச்சும் குடுக்கலாமுங்களா ஃபாதர்? பழைய சாமான்காரனுக்குப் போட்டுட வேண்டாம்."

"தாராளமா. நீங்களே ஒரு ஆளைப் பாருங்கம்மா" என்றார் அவர்.

அந்த வார்த்தையை நம்பி அவள் ஆள் தேட ஆரம்பித்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாள். எங்களிடம் கீபோர்டு இருக்கிறதே மேடம் என்றார்கள். ஒரு கன்னியர் மடத்தில் கேட்டாள். வாசிக்கத் தெரிந்த சிஸ்டர்கள் எல்லாருக்கும் முட்டிவலி, மிதிக்க முடியாது என்றார்கள். சேலத்திலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார்.

"பாலிஷ் போட்டு ஹால்ல வெச்சா நல்ல லுக்கா இருக்கும்னு மிஸஸ் சொல்றாங்க."

"உங்க ஊட்டுல யாருங்க வாசிப்பாங்க?"

"வாசிக்கிறதா? இன்னுமா அது வேலை செய்யுது?"

அவள் போனை வைத்துவிட்டாள். வேறொருவர் அது தேக்கு மரமா, ஈட்டி மரமா என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும் பெட்டி வேண்டியிருந்தது. அதிலிருந்து சத்தம் வரும் என்பதே பலருக்கு ஒரு தொந்தரவாகத் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன் ஏசுராஜிடம் அவள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிப் பொருமினாள்.

ஏசுராஜ் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். மலையிலிருந்து ஆரஞ்சும் பலாவும் ஏற்றிக்கொண்டு சேலம் மார்க்கெட்டுக்குப் போய் வருவார். எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"கரடியூர்ல குழந்தைவேல்னு ஒருத்தர் இருக்காரு. பெருமாள் கோவில் பஜனைல ஆர்மோனியப் பெட்டி வாசிச்சவரு. இப்ப வாசிக்கிறதில்ல. கேட்டுப் பாக்கட்டுமா?"

"வாசிக்காதவருக்கு எதுக்கு?"

"கை போயிருச்சு செல்வி. அதான் வாசிக்கிறதில்ல. காலு நல்லாத்தானே இருக்குது."

அடுத்த நாளே குழந்தைவேல் வந்தார். ஸ்கூட்டரை ஓட்டி வந்தது அவர் மனைவி ராஜேஸ்வரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி விழுந்ததில் அவருக்கு இடது கை முறிந்து, விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அதற்குப் பிறகு மண்வெட்டி பிடிப்பதும் கஷ்டம், வண்டி ஓட்டுவதும் இல்லை. ஆர்மோனியப் பெட்டிக்கு ஒரு கையால் துருத்தி போட வேண்டும். அதற்கு அவருக்குக் கை இல்லை.

"அண்ணன் பையனை உட்டுத் துருத்தி போடச் சொல்லிப் பாத்தனுங்க. சரியா வல்லீங்க. அடுத்தவன் மூச்சுல நான் பேசற மாதிரி இருந்துச்சு. உட்டுட்டனுங்க" என்றார்.

கோவிலுக்குள் ஆள் இல்லாத நேரம். மரியசெல்வி ஆர்கனின் மூடியைத் திறந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து வலது கையால் ஒரு ஓட்டம் ஓட்டினார். பாதியில் கால் நின்றுபோய், ஆர்கன் இழுத்து இழுத்து முனகி அடங்கியது. அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"சைக்கிளா ஓட்டறீங்க? உதைக்காதீங்க. மெதுவா, நடக்கற மாதிரி மிதிங்க" என்று மரியசெல்வி அதட்டினாள்.

மறுபடி வாசித்தார். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை கால் பிடிபட்டது. வலது கை தானாக ஒரு பஜனைப் பாட்டுக்குள் போய்விட்டது. இடது கை அதுவரைக்கும் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவர் அதைத் தூக்கி, மடங்காத விரல்களை இடது ஓரத்துக் கீழ்ச்சுருதிக் கட்டை ஒன்றின் மேல் வைத்து அப்படியே அழுத்தினார். சுருதி பிடித்துக்கொண்டது. விரல் மடங்க வேண்டிய தேவையே இல்லை, அழுத்தினால் போதும். பாட்டு முடிகிறவரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

ராஜேஸ்வரி எழுந்து வெளியே போனவள் நெடுநேரம் திரும்பி வரவில்லை.

"சனிக்கிழமை உங்க ஊட்டுக்கே வந்து எறக்கிர்றம். ஃபாதர் ஆள் பாக்கச் சொன்னாரு, பாத்தாச்சு" என்றாள் மரியசெல்வி. அன்று சாயங்காலமே சாமியாருக்குப் போன் செய்து, ஆள் கிடைத்துவிட்டது, கரடியூர் பஜனைக்காரர், அருமையாக வாசிக்கிறார் என்று சொன்னாள். அவர் சரிம்மா, பங்குப் பேரவையில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலையில் ஏசுராஜ் வண்டியில் பழைய மெத்தையை விரித்து, கயிறு எடுத்துக்கொண்டு வந்தார். கோவிலுக்குள் ஆர்கன் இல்லை. அது நின்ற இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. பங்குப் பேரவைச் செயலாளர் ஆண்டனி ராஜ் நின்று அவற்றைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆர்கன் எங்கீங்க?"

"நல்ல எடத்துக்குப் போயிருச்சும்மா. சந்திரசேகர் சாரு இருக்காரில்ல, புதுசா ரிசார்ட் கட்டியிருக்காரே, அவருக்கு. கோவிலுக்கு இத்தனை நாற்காலி குடுத்திருக்காரு பாருங்க."

"கரடியூர்க்காரருக்குன்னு ஃபாதர்கிட்டச் சொல்லியிருந்தனே."

ஆண்டனி ராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீங்களே யோசிங்க. நற்கருணைக்கு முன்னால வாசிச்ச பொருளு. அதைக் கொண்டுபோய்ப் பஜனைல வெக்கறதா? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பேரவைல எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க."

"அந்த ரிசார்ட்டுல சாராய பார் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"அது வேற விஷயம்."

"எப்பிடி வேற? சாராயத்துக்குப் பக்கத்துல வெச்சா தீட்டில்ல, பெருமாளுக்குப் பக்கத்துல வெச்சா தீட்டா?"

"கோவிலுக்குள்ள சத்தம் போடாதீங்க."

"கோவிலுக்குள்ள வித்தது நீங்க. நான் சத்தந்தான் போடறேன்."

ஏசுராஜ் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். சாமியார் தன் பங்களா வராந்தாவிலேயே நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். இளவயசுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேரவை முடிவை மீறினால் சங்கடம் என்றார். நான் சந்திரசேகரிடம் பேசிப் பார்க்கிறேன், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். ஒரு மனிதருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் பொறுக்கச் சொல்கிறாரே என்று மரியசெல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

கரடியூருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். வண்டியில் விரித்த மெத்தை விரித்தபடியே கிடக்க, அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது குழந்தைவேல் வீட்டில் மூலையைக் காலி செய்து, சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இறக்குவதற்குக் கைகொடுக்க வந்து நின்றார்கள். மரியசெல்வி வாயைத் திறந்தாள். ரிசார்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதைச் சொன்னாள். காரணத்தைச் சொல்ல நாக்கு வரவில்லை.

குழந்தைவேலே கேட்டார். "பஜனைக்கு ஆகாதுன்னுட்டாங்களாக்குமுங்க?"

அவள் தலையை ஆட்டினாள்.

"செரி போகட்டும் உடுங்கக்கா."

ராஜேஸ்வரி விடவில்லை. "எப்பிடிங்க போகட்டும்? நாமளா போயி கை நீட்டினம்? வாங்கன்னாங்க, போனம். உக்காருங்கன்னாங்க, உக்காந்தாரு. மூணு வருசம் கழிச்சு அன்னிக்குத்தானுங்க இந்த மனுசன் சோறு கேட்டு வாங்கித் தின்னாரு. அதைக் குடுத்துட்டுப் புடுங்கறதுக்கு எவனுக்குங்க உரிமை?"

"அக்காவை எதுக்குத் திட்டற?"

"அவங்களைத் திட்டலீங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்" என்றாள் ராஜேஸ்வரி. மரியசெல்விக்கு அந்த ஒரு வார்த்தை ஆறுதலாக இருந்தது. இந்த மலையில் தன்னைப்போலக் கோபப்பட இன்னொருத்தி இருக்கிறாள்.

அதற்குப் பிறகு சாமியாரின் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. சந்திரசேகர் ஊரில் இல்லை என்றார். பிறகு போனை எடுக்கவில்லை என்றார். ஒரு நாள் கடைக்குக் காபித்தூள் வாங்க வந்த பெண்ணொருத்தி தன் போனில் எடுத்த படங்களைத் தோழியிடம் காட்டிக்கொண்டிருந்தாள். மரியசெல்வி எதேச்சையாக எட்டிப் பார்த்தாள். ரிசார்ட்டின் சாப்பாட்டு அறை. வாசலுக்குப் பக்கத்தில் ஆர்கன். அதன் நடுவில் வெள்ளைப் பீங்கான் தொட்டி. மேலே பித்தளைக் குழாய்.

அவள் கடையைப் பூட்டினாள். ராஜேஸ்வரிக்குப் போன் செய்தாள்.

ஏசுராஜ் வண்டியில் மூன்று பேரும் போய் இறங்கினார்கள். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்குள் மரியசெல்வி உள்ளே போய்விட்டாள். படத்தில் பார்த்தபடியே இருந்தது. கட்டைகள் வரிசையாக இருந்த இடத்தை வெட்டித் தொட்டியைப் பதித்திருந்தார்கள். காற்றறை இருந்த வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பைப் ஓடியது. யாரோ கை கழுவிவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் போயிருந்தார்கள். சொட்டிய தண்ணீர் தொட்டி விளிம்பிலிருந்து மரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஆத்திரத்திலும் அவள் கை முதலில் போய் அந்தக் குழாயைத்தான் இறுக்கி மூடியது.

சந்திரசேகர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"உக்காருங்க மேடம். ஆண்டனி ராஜ் சொன்னாரு, நீங்கதான் முன்னாடி வாசிச்சீங்களாமே. வர்ற கெஸ்ட் எல்லாரும் இதோட நின்னு போட்டோ எடுக்கறாங்க தெரியுமா? மூலைல கெடந்த பொருளுக்கு நான் ஒரு வாழ்வு குடுத்திருக்கேன்."

"வாழ்வா? கொடலை உருவிப்போட்டு, வாயில குழாயை மாட்டி வெச்சிருக்கீங்க. பேசத் தெரிஞ்ச பொருளுங்க இது. எச்சில் துப்பற தொட்டியாக்கிட்டு வாழ்வுங்கறீங்க."

"இதை யாரும்மா வாசிக்கப் போறாங்க இந்தக் காலத்துல?"

"எங்கூட்டுக்காரரு!" என்றாள் ராஜேஸ்வரி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒத்தக் கை மனுசன். இதை உட்டா வாசிக்கறதுக்கு அவருக்கு வேற பெட்டி கெடையாது. தெரியுமுங்களா உங்களுக்கு?"

சந்திரசேகருக்கு அது தெரியாது. யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு நிமிஷம் அவர் முகம் மாறியது. பிறகு பழையபடி ஆனார். "நான் திருட்டுப் பொருள் வாங்கலையே. கேட்டேன், குடுத்தாங்க."

"உள்ள இருந்ததெல்லாம் எங்கே?" என்று கேட்டாள் மரியசெல்வி.

"அது ஸ்க்ராப். பின்னாடி ஷெட்ல கெடக்கும். வேணும்னா எடுத்துக்கங்க."

ஷெட்டில் சிமெண்ட் மூட்டைகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் பின்னால் எல்லாம் கிடந்தன. கட்டைகள் ஒரே பலகையோடு அப்படியே இருந்தன. ரீடுகள் இருக்கிற அறையின் மேல் சிமெண்ட் தூள். துருத்தித் துணியில் ஒரு பக்கம் எலி கடித்த கிழிசல். மரியசெல்வி மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவர்கள் வாங்கிப் போனது பெட்டியை. வேண்டாமென்று போட்டதுதான் ஆர்கன். அது புரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. இவ்வளவையும் குப்பை என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

"மிதிகட்டையைக் காணோம்" என்றார் ஏசுராஜ்.

மிதிகட்டைகள் சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்தன. இரண்டையும் ஆணியடித்து, நடுவில் ஒரு சின்ன விளக்குப் போட்டிருந்தார்கள். ராஜேஸ்வரி நேராகப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"அம்மா, அது டெக்கரேஷன்" என்று ஒரு வெயிட்டர் ஓடி வந்தார்.

"செவுத்துக்கு எதுக்குங்க காலு? செவுரு எங்கியாச்சும் நடக்கப் போகுதா?"

முதல் கட்டை ஆணியோடு கையில் வந்தது. கொஞ்சம் காரையும் பெயர்ந்து விழுந்தது. இரண்டாவதற்கு அவள் வண்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வரச் சொன்னாள். சந்திரசேகர் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "சரி விடுங்கப்பா, எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஆர்கனை ஏற்றுவதற்காக விரித்த அதே மெத்தையில் அதன் உள்ளுறுப்புகள் மட்டும் கரடியூருக்குப் போயின.

வெள்ளக்கடை கிராமத்தில் கதவு, ஜன்னல் செய்கிற முனியப்பன் சில்வர் ஓக் பலகையில் ஒரு கூடு அடித்துக் கொடுத்தார். பார்ப்பதற்கு அது ஆட்டுத் தொட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. சேலத்திலிருந்து ஆர்மோனியம் பழுது பார்க்கிறவரை ஏசுராஜ் வண்டியில் கூட்டி வந்தார். துருத்திக்கு ரெக்ஸின் ஒட்டினார்கள். எத்தனை சுத்தம் செய்தும் ஐந்தாறு கட்டைகள் ஊமையாகவே நின்றுவிட்டன. மேலே பாலிஷ் போடலாமா என்று முனியப்பன் கேட்டதற்கு, பாலிஷ் என்ற பேச்சையே எடுக்காதீர்கள் என்று மரியசெல்வி சீறினாள். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கிற நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். நற்கருணைக்கு முன்னால் வாசித்த ஆர்கனில் இப்போது குடிகாரர்கள் வாய் கொப்புளிக்கிறார்கள், விருப்பம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அறிவித்தாள். ஆண்டனி ராஜ் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரமே பாடகர் குழுவில் அவள் பெயர் இல்லை. அது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் இருக்கிற வேறு கோவிலுக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை சாயங்காலம் கரடியூர் பெருமாள் கோவிலில் பஜனை. மரியசெல்வியும் ஏசுராஜும் போய் வெளிப்படியில் உட்கார்ந்தார்கள். குழந்தைவேல் வெள்ளை வேட்டியில் அந்தக் கோணல் கூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார். நடக்கிற மாதிரி, மெதுவாக. ஊமைக் கட்டைகள் வருகிற இடத்தில் விரல் தாண்டிப் போயிற்று, தெரியாதவர்களுக்குத் தெரியாது. இடது கை கீழ்ச்சுருதிக் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் ஜால்ராவோடு சேர்ந்து பாடினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் காலுக்குக் கீழே இருந்து வந்த அதே சத்தம், வேறு சாமிக்கு முன்னால், கொஞ்சம்கூடத் தயங்காமல் வந்துகொண்டிருந்தது. ராஜேஸ்வரி வாழையிலையில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஜனை முடிந்ததும் குழந்தைவேல் வந்தார். "இன்னும் கோவமுங்களா அக்கா?"

"உங்களுக்கு இல்லியா?"

"எங்க நேரம் இருந்துச்சுங்க? எனக்குஞ் சேத்து நீங்க ரெண்டு பேருமே பட்டு முடிச்சுட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது வண்டியில், பழைய பெட்டிக்குள் இருந்திருந்தால் கீழ்ச்சுருதி இன்னும் கனமாகக் கேட்டிருக்கும் என்று ஏசுராஜிடம் சொன்னாள். அதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாமியார் குடையோடு கடைக்கு வந்தார். ஆண்டனி ராஜ் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார், என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, தப்பு என்னுடையதும்தான் என்றார். அவள் மிளகைப் புடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போகாமல் நின்றார்.

"இன்னொரு விஷயம்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு எஸ்டேட் பங்களாவை இடிக்கப் போறாங்க. அங்கேயும் ஒரு ஆர்கன் இருக்காம். யாருக்குக் குடுக்கறதுன்னு கேக்கறாங்க. உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?"

"பேரவைல கேட்டீங்களா?"

"இல்லம்மா. நேரா உங்ககிட்டத்தான் வந்தேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். யாருக்கு என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை. டவுன் கோவிலில் கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற லூர்துசெல்வி, சின்ன வயசில் விடுதியில் வாசித்ததாக ஒரு தடவை சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. ஏசுராஜுக்குப் போன் போட்டாள். அவர் சேலம் மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார்.

"நாளைக்கா? நாளைக்குள்ள எவனாச்சும் அதை மீன் தொட்டி ஆக்கிருவான்" என்று சொல்லிவிட்டு, அவள் ஷட்டரை இழுத்து மூடினாள். எந்த எஸ்டேட் என்று சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் கையிலிருந்த குடையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.